தூக்குச்சட்டியில் போன கருவளையம்

"எங்க வீட்டுத் தூக்குச்சட்டியில உங்க கருவளையத்தப் போட்டு அனுப்பியிருக்கிய, தொறந்த மனுசன் மூஞ்சியில அது ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கு, ராத்திரி பூரா எங்க வீட்டுக்காரரு பொட்டுக் கண்ணு மூடல, இது என்னக்கா நியாயம்?" என்று எதிர்வீட்டுச் சண்முகவடிவு கேட்டாள். வார்த்தைக்கு வார்த்தை இதுதான், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஏனென்றால் அவள் அதை மூன்று முறை சொன்னாள், மூன்றாவது முறை சொல்லி முடிக்கும்போது ஆல்பர்ட் காலனியின் நாற்பத்திரண்டு வீட்டு ஜன்னல்களும் திறந்திருந்தன.

டெல்மா மறுக்கவில்லை. போட்டது அவள்தான். கான்வென்டில் பத்து வருஷம் படித்தவள், செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. செய்ததற்கு எதிராளிதான் காரணம் என்று நிரூபிக்கும் பழக்கம் மட்டும் உண்டு.

"வெறும் சட்டியத் திருப்பிக் குடுத்திருந்தா மட்டும் சும்மா இருந்திருப்பியாக்கும்?" என்றாள்.

வடிவு சும்மா இருந்திருக்க மாட்டாள். தூத்துக்குடியில் அந்தக் காலனிக்காரர்கள் எதை மறந்தாலும் மறப்பார்கள், வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு கை சீனி, ரெண்டு முருங்கைக்காய், ஒன்றுமே இல்லாத வீட்டில் நாலு இணுக்குக் கறிவேப்பிலை, ஏதாவது ஒன்று உள்ளே கிடக்க வேண்டும். கார்த்திகைக்கு வடிவு ஓலைக் கொழுக்கட்டை வைத்து அனுப்பிய தூக்குச்சட்டி ஐந்து நாளாய் டெல்மாவின் சமையல் மேடையில் கிடந்து அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு பக்கம் பால் பொங்கிக்கொண்டிருக்க, வாசலில் வடிவு வீட்டு வேலைக்காரி சட்டிக்காக நின்றுகொண்டிருக்க, டெல்மா ஈரத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி, பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வந்ததற்காகவும் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காகவும் மகள் ஜெனிட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணுக்குக் கீழே ஏதோ இளகியது, நழுவியது, வாஷ்பேசினில் தொப்பென்று விழுந்தது, பின்னாலேயே இன்னொன்றும் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். குக்கர் கேஸ்கட்டைச் சின்னதாய் அடித்த மாதிரி ரெண்டு கறுப்பு வளையம், தொட்டால் ஊறவைத்த புளி, மோந்தால் அணைத்த மெழுகுவர்த்தி.

"அம்மா, ஒன் மூஞ்சி!" என்றாள் ஜெனிட்டா.

"மூஞ்சிக்கு என்ன, இருக்க எடத்துலதான இருக்கு?" என்றாள் டெல்மா. பால் வழிந்தது. சீனி டப்பாவில் சீனி இல்லை. முருங்கை மரத்தில் காய் இல்லை. கையில் இருந்ததைச் சட்டியில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வடிவின் புருஷன் பூலோகபாண்டியன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் கைகழுவாமல், செருப்பைக் கழற்றாமல், அடுப்படிக்குப் போய் மூடிகளைத் திறந்து பார்ப்பது அந்தக் காலனி ஆண்கள் அத்தனை பேருக்கும் உள்ள நோய். அவர் தூக்குச்சட்டியைத் திறந்தார். வளையங்கள் ரெண்டும் வெல்லத்துக்கு ஈ வந்த மாதிரி வந்து அவர் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன. படுத்தால் சுவர் அதிரக் குறட்டை விடுகிற மனுஷன், விடிய விடிய மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இப்போது மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகத்தில் கரிக்கோடு ரெண்டும் தொங்க, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டெல்மாக்கா, ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வரும்போது ஜெனிட்டாவுக்கு அந்த நீலச் சேலை வேண்டாம். நீலம் கட்டுனா கண்ணுக்குக் கீழ உள்ள கறுப்பு இன்னும் கூட்டிக் காட்டும். மெரூன் கட்டச் சொல்லுங்க. நாலு மணி வரைக்கும் யோசிச்சேன், மெரூன்தான் சரி."

டெல்மா அவரை உற்றுப் பார்த்தாள். அது அவள் யோசனை. திங்கள் ராத்திரி மூன்றேமுக்கால் மணிக்கு, அவள் மண்டைக்குள் மட்டும், புருஷனுக்குக்கூடத் தெரியாமல் ஓடிய யோசனை.

அப்படித்தான் ஆல்பர்ட் காலனிக்கு அந்த விஷயம் தெரியவந்தது. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் வரும், உப்புக் காற்றால் வரும், தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கு வரும் என்று டாக்டரும் பியூட்டி பார்லர்காரியும் ஆளுக்கொன்றைச் சொல்லி வெள்ளரிக்காயும் உருளைக்கிழங்கும் விற்கவைத்தார்களே, எல்லாம் சும்மா. ஒரு மனுஷி வெளியே சொல்லாமல் முழித்துக்கொண்டு கிடக்கிற யோசனைதான் விடிகிற நேரத்தில் கீழே வடிந்து கண்ணுக்கு அடியில் உறைகிறது, அவ்வளவுதான். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. எப்படிக் கழற்றுவது என்றுதான் கேட்டார்கள்.

கழற்றும் முறையை டெல்மாதான் சொல்லிக்கொடுத்தாள். திட்டிக்கொண்டே துடைக்க வேண்டும். அமைதியாய்த் துடைத்தால் வராது. ஜெபம் சொல்லிக்கொண்டே துடைத்துப் பார்த்த பாட்டுக் குழு ரோஸ்லினுக்குத் தோல்தான் உரிந்தது. யாரையாவது மனசாரத் திட்ட வேண்டும், கையில் ஈரத்துண்டு இருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மத்தியானத்துக்குள் காலனியில் எழும்பிய சத்தத்தில் உப்பளத்து நாரைகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயின. நாற்பத்திரண்டு வாஷ்பேசினிலும் தொப்புத் தொப்பென்று விழுந்தது. மாமியாரைத் திட்டியவளுக்கு உளுந்தவடை அளவில் விழுந்தது, தண்ணீர் லாரிக்காரனைத் திட்டியவளுக்கு மோதிரம் அளவில் விழுந்தது, போய்ச் சேர்ந்துவிட்ட தன் தகப்பனாரைத் திட்டிய ஒருத்திக்கு விழுந்ததைத் தூக்க ரெண்டு கை வேண்டியிருந்தது. பிறகு, எத்தனையோ நாளாய்த் திருப்பிக் கொடுக்காமல் கிடந்த பாத்திரங்களெல்லாம் வெளியே வந்தன. பால் சொம்பு, டிபன் டப்பா, கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் சம்படம், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வளையம். வீட்டுக்கு வீடு போனது, வந்தது. சாயங்காலம் ஆண்கள் திரும்பி வந்து மூடிகளைத் திறந்தார்கள். முந்தின நாள் பூலோகபாண்டியனுக்கு நடந்தது தெரிந்திருந்தும் திறந்தார்கள். அந்த நோய்க்கு மருந்து இல்லை.

வியாழக்கிழமை பெண்கள் ஏழரை மணி வரைக்கும் தூங்கினார்கள். பால்காரர் வாசல் வாசலாய் நின்று மணி அடித்துப் பார்த்துவிட்டு, அவரே படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். டீக்கடையில், கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கும் பத்திருபது ஆண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

"வே, மாவு ராத்திரி பொங்கி வழிஞ்சிருமோன்னு உமக்குப் பயமா இருக்கா?"

"மாவு கெடக்கட்டும்வே. எனக்கு மச்சினன் பொண்டாட்டி சிரிச்சது சிரிப்பா நக்கலான்னு புரிய மாட்டேங்கு. பதினோரு வருஷத்துக்கு முந்திச் சிரிச்சிருக்கா. நேத்து ராத்திரிதான் எனக்கே தெரியும்."

"சின்ன வெங்காயத்த இன்னைக்கே உரிச்சு வச்சா வாசம் போயிருமா?"

"போவும். காலையில உரியும்."

காலனிச் சங்கம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டது: மூடியில்லாத பாத்திரத்தில் அனுப்பக் கூடாது, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது, சாம்பாருக்குள் ஒளித்து அனுப்பக் கூடாது. பங்குச் சாமியார், காணிக்கைத் தட்டில் யாரும் போட வேண்டாம் என்று பிரசங்கத்துக்கு நடுவில் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். கேட்கும்போது அவர் கண்ணுக்குக் கீழேயும் ஒரு ஜோடி இருந்தது, யாருடையது என்று பெண்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. பார்லர்காரி வெள்ளரிக்காயைச் சாலட் போட்டுத் தின்றுவிட்டு, நல்ல மூடியுள்ள டப்பா விற்க ஆரம்பித்தாள்.

ஊரே கழற்றி ஊரே மாட்டிக்கொண்டு திரிந்த அந்த வாரத்தில், ஒருத்திக்கு மட்டும் கழலவில்லை. ஜெனிட்டாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை லிஸ்டன் கப்பலில் இன்ஜினியர், ஜெனிட்டாவும் அவனும் ரெண்டு மாதமாய்ப் போனில் பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் தாயார் ஹில்டாவுக்குப் பிடிக்க வேண்டும். இதற்கு முன்னால் வந்த ரெண்டு குடும்பமும் காப்பியைக் குடித்துவிட்டு, பொண்ணுக்கு ஏதோ சீக்கு இருக்கு போல, கண்ணு ரெண்டும் கெணத்துக்குள்ள கெடக்கு என்று தெருமுனை தாண்டுவதற்குள் பேசிக்கொண்டு போயின. அதை நாத்தனார் செலஸ்டின் ஒரு எழுத்து விடாமல் கேட்டு வந்து டெல்மாவிடம் ஒப்பித்தாள், கூடவே, "ஹில்டாவும் இதே சொல்லிட்டா அப்புறம் நான் எங்க போயி மாப்பிள தேட?" என்று தன் பங்குக்கும் ஒரு கொள்ளி வைத்தாள்.

இத்தனைக்கும் சண்டை போடுவதில் ஜெனிட்டா தாய்க்குச் சளைத்தவள் இல்லை. காலையில் காப்பி டம்ளரில் ஆரம்பித்தால், கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசுக்குக் கிளம்புகிற வரைக்கும் ரெண்டு பேர் சத்தமும் காம்பவுண்டைத் தாண்டும். அந்தக் குரலோடு ஈரத்துண்டால் துடைத்தால் நாலு ஜோடி விழுந்திருக்க வேண்டும். துடைத்தாள், துடைத்தாள், கன்னம் சிவந்தது, வளையம் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை வடிவை வரவழைத்தாள் டெல்மா. வடிவு இப்போது ரெண்டு நாள் முழுசாய்த் தூங்கி எழுந்த தெளிவில் இருந்தாள். வாசல் படியில் உட்கார்ந்து, தாயும் மகளும் போடுகிற சண்டையை அரைமணி நேரம் கேட்டாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"யக்கா, ஒங்க மகளுக்குக் கோவமே வரல. நடிக்கா."

"என்னது?"

"கத்துதா, சரி. கையப் பாருங்க. அந்தக் கையி பாட்டுக்கு ஒங்க சேலைத் தலைப்புல உள்ள நூல எடுத்துவிட்டுக்கிட்டு இருக்கு. உள்ளபடியே கோவம் வந்தவ நூல் எடுப்பாளா?"

டெல்மாவுக்கு அவமானமாய் இருந்தது. இருபத்தாறு வருஷம் பெற்று வளர்த்த பெண், தன்னோடு பொய்ச் சண்டை போடுவதா? மெய்யான கோபத்தை எப்படி வரவழைப்பது என்று யோசித்தாள். மோர்க்குழம்பில் சீனி போட்டாள். மகளின் பழைய டைரியைச் சத்தமாய் வாசித்தாள். ஜெனிட்டா கத்தினாள், நன்றாகவே கத்தினாள், கை நூலெடுத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் டெல்மாவின் பொறுமை தீர்ந்தது. அது எப்போதும் காலையிலேயே தீர்ந்துவிடும். போனை எடுத்து ஹில்டாவின் எண்ணை அழுத்தினாள்.

"யாருக்கு?" என்றாள் ஜெனிட்டா.

"ஒன் மாமியாராப் போறவளுக்கு. நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லுதேன். இந்தக் கரிச்சட்டி மூஞ்சியக் காட்டி மூணாவது தடவையும் அவமானப்பட என்னால முடியாது."

ஜெனிட்டா நூலை விட்டாள். கை நின்றது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கேட்கிற அந்தக் குரல் எங்கேயோ போய், டெல்மா இதுவரைக்கும் கேட்டிராத ஒரு சின்னக் குரல் வந்தது.

"போன வையி."

"ஏட்டி..."

"எனக்கு அவரப் பிடிச்சிருக்கும்மா. ஒரே ஒரு விசயம் நான் ஆசப்பட்டேன். அதுலயும் கையப் போடாத. வையி போன."

வளையங்கள் துண்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ரெண்டும் தானாய்க் கழன்று மொசைக் தரையில் விழுந்து, கிணிங் கிணிங்கென்று உருண்டு, டெல்மாவின் கால் பெருவிரலில் முட்டி நின்றன. ஜெனிட்டாவின் முகம், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு இருந்ததே, அப்படி ஆகிவிட்டது. அவள் ஒரு கொட்டாவி விட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள், கட்டிலில் விழுந்தாள், தூங்கிவிட்டாள். மணி பதினொன்று.

டெல்மா வெற்றிக் களிப்பில் வளையங்களைப் பொறுக்கினாள். இவற்றை யாருக்கு அனுப்புவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாத்தனார் செலஸ்டினின் கேக் டப்பா ஒன்று ஈஸ்டரிலிருந்து வீட்டில் கிடந்தது. உள்ளே போட்டு, இறுக்கி மூடி, தெருவில் போன ஆட்டோவைக் கூப்பிட்டு நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, உள்ளே ரெண்டும் இருக்கிறதா, ஒன்று மேடையிலேயே விழுந்துவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறந்தாள்.

காலனிக்கே முறை சொல்லிக்கொடுத்தவள். அவளே திறந்தாள். அவசரம் என்றால் அப்படித்தான்.

வளையம் ரெண்டும் அவள் கண்ணுக்குக் கீழே ஏறிக்கொண்டன, ஆட்டோவை வெறுமே அனுப்பிவிட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு மணிநேரம் கண்ணசரலாம் என்று படுத்தாள். அந்த ஊரில் மத்தியானத் தூக்கத்துக்குக் கடையையே அடைப்பார்கள். ஆனால் கண் மூடவில்லை. மகளின் யோசனை, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிபடுவது மாதிரி, முதலில் இரைச்சலாயும் பிறகு தெளிவாயும் மண்டைக்குள் வந்தது.

நாளைக்கு எதை வைத்து அம்மாவோடு சண்டை போடலாம்? துண்டைக் கட்டில்மேல் போடலாமா, போன வாரம்தான் போட்டோமே. பாத்ரூம் விளக்கை அணைக்காமல் விடலாம், அது பத்து நிமிஷம் தாங்கும். காப்பி ஆறிப்போச்சு என்று ஆரம்பிக்கலாம். காலையில் நல்லதாய் ஒரு சண்டை போட்டால்தான் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே சமைக்கிறாள். போடாத அன்றைக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் போய்விட்டால்? கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு கொச்சி, மஸ்கட் என்று போய்விட்டால்? அப்பா எதற்கும் 'உம்' என்பார். 'உம்'மோடு எப்படிச் சண்டை போடுவாள்? வடிவக்கா மூன்று வார்த்தையில் அழுதுவிடுவாள். செலஸ்டின் அத்தை மனசில் வைத்துக்கொள்வாள். அம்மாவுக்குச் சரிசமமாய்ப் பேச இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

டெல்மா எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன் பொனவெஞ்சர் மல்லாந்து கிடந்தார். அந்த மனுஷன் நல்லவர், ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் குறை.

"இந்தாருங்க. நான் கோவக்காரியா?"

"உம்."

"நீங்க என்கூட ஒரு நாளாவது சண்ட போட்டிருக்கியளா?"

"உம்."

போட்டதே இல்லை. அவள் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். மகளின் வளையம் அவளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. துண்டை நனைத்தாள். திட்டினால் விழுந்துவிடும், டப்பாவும் தயாராய் இருக்கிறது. ஆனால் யாருக்கு அனுப்புவது? செலஸ்டினா, வடிவா, வேறு யார் கையில் போனாலும் அந்த விஷயம் நாளைக்கு டீக்கடைக்குப் போய்விடும். துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் ஜெனிட்டா எழவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. மூன்று மணிக்கு டெல்மா தண்ணீர் தெளித்தாள், நாலு மணிக்கு வடிவு வந்து காதுப் பக்கம் குக்கரைக் கொண்டுவந்து விசிலடிக்க வைத்தாள், நாலரைக்குப் பொனவெஞ்சர் வரலாறு காணாத விதமாய், "எந்திரிம்மா ஜெனிட்டா" என்று ரெண்டு வார்த்தை பேசினார். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள், லேசாய்க் குறட்டை விட்டாள். மெரூன் சேலையை அவள்மேல் போர்த்திவிட்டார்கள். வேறு என்ன செய்ய?

ஐந்து மணிக்கு வண்டி வந்து நின்றது. ஹில்டா, லிஸ்டன், கூட வந்தவர்கள் நாலு பேர், வழிகாட்டியாய்ச் செலஸ்டின். டெல்மா கட்லெட்டை நீட்டிக்கொண்டே, செய்ததைச் செய்ததாய்ச் சொல்லிவிட்டாள்.

"பொண்ணு தூங்குதா. நேத்து பதினோரு மணியில இருந்து தூங்குதா. எழுப்ப முடியல."

செலஸ்டின் தலையில் அடித்துக்கொண்டாள். ஹில்டா எழுந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறைக்குள் போய், கட்டில் பக்கம் குனிந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்து, காசுக்கடைக்காரன் நகையைப் பார்க்கிற மாதிரி அந்த முகத்தை இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று பார்த்தாள். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நிமிர்ந்தாள்.

"மூத்த மருமவ என் வீட்டுக்கு வந்து மூணு வருசமா அவளும் தூங்கல, எங்களையும் தூங்க விடல," என்றாள். "இப்பிடித் தூங்குத ஒருத்தியத்தான் மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். எங்களுக்குச் சம்மதம். தை கடைசியில வச்சிக்கிடுவோம்."

லிஸ்டன் கதவோரம் நின்று, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு, தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். டெல்மாவுக்கு அவனிடம் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும்போல் இருந்தது, அகப்படவில்லை.

அப்போது ஜெனிட்டா தூக்கத்திலேயே ஒரு கொட்டாவி விட்டாள். நீளமான, நிம்மதியான, பல வருஷம் உள்ளே கிடந்து கனிந்த கொட்டாவி. அது ஹில்டாவுக்குத் தொற்றியது. அவள் வாய்மேல் பெருவிரலால் சிலுவை போட்டுக்கொண்டே நாற்காலியில் சரிந்தாள். லிஸ்டன் கதவில் சாய்ந்தபடியே கண்ணை மூடினான். கூட வந்த நாலு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய, செலஸ்டின் பாதி வார்த்தையில் நிற்க, வடிவு தரையில் முழங்கையைத் தலைக்குக் கொடுத்துப் படுக்க, பொனவெஞ்சர் கடைசியாய் ஒரு 'உம்' சொல்லிவிட்டு அடங்கினார். கொட்டாவி ஜன்னல் வழியாய்த் தெருவில் இறங்கியது. பூலோகபாண்டியன் கேட்டில் சாய்ந்தார், வண்டிக்குள் டிரைவர் சாய்ந்தார், கோவில் திண்டில் நாய் படுத்தது, ஆல்பர்ட் காலனி பட்டப்பகலில், விளக்குக்கூட வைக்காத நேரத்தில், மொத்தமாய்த் தூங்கிப்போனது.

முழித்திருந்தது டெல்மா ஒருத்திதான். அவள் கட்லெட் தட்டை ஏந்தியபடி நடுவீட்டில் நின்றாள். தை மாதம் கடைசி என்றால் இன்னும் எத்தனை காலை இருக்கிறது என்று விரலை மடக்கிப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். நாற்காலி நாற்காலியாய்ப் போய் ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் தட்டை நீட்டினாள். கட்டில் பக்கம் போய், மகளின் கையை எடுத்துத் தன் சேலைத் தலைப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். கை சும்மா கிடந்தது. திரும்பி நடுவீட்டுக்கு வந்தாள்.

"யாராவது ஒருத்தர் எந்திரிச்சு," என்றாள், "கட்லெட்டுல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லுங்களேன்."